காரில் பொருத்திய மடிக்கணினி: சாவி திரும்பினால் என்ன நடக்க வேண்டும்?

"சாவியைப் போட்டால் மடிக்கணினி எழ வேண்டும், எடுத்தால் அணைய வேண்டும், அவ்வளவுதானே? ஒரு ரிலே போட்டால் முடிந்தது." மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வாகன வயரிங் பற்றிப் பேச்சு எழும் இடங்களில் இந்த வாக்கியம் ஒருமுறையாவது காதில் விழும். சொல்பவர் பெரும்பாலும் கைதேர்ந்த வயர்மேனாகவே இருப்பார். ரிலே என்பது மின்சாரத்தால் இயங்கும் ஒரு சுவிட்ச். விளக்குக்கும் ஒலிபெருக்கிக்கும் அவர் சொல்வது சரி. மடிக்கணினிக்கு மட்டும் அது பொருந்துவதில்லை.

வண்டிக்குள் மடிக்கணினி வைத்திருப்போர் இங்கே குறைவில்லை. திருமணங்களுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் ஒலி ஒளி அமைக்கும் வேன்களில் பாட்டுப் பட்டியல் அதில்தான் இருக்கிறது. லிந்தாங், லாசா பக்கத் தோட்டங்களுக்கு நேரில் போய் லோரி பழுது பார்க்கும் மெக்கானிக் பழுதறியும் மென்பொருளை அதில் வைத்திருக்கிறார். படம் பிடித்து அங்கேயே அச்சிட்டுத் தரும் புகைப்படக்காரருக்கும் அது வேண்டும். ஒவ்வொரு முறையும் மூடியைத் திறந்து பொத்தானை அழுத்த யாருக்கும் பொறுமை இல்லை. ஆகவே தானியங்கி ஏற்பாடு ஒன்றைச் செய்துகொள்கிறார்கள். பிறகு வரும் புகார்கள் மூன்று வகைதான்: சாவியை எடுத்தும் கணினி அணையவில்லை; காலையில் வண்டி கிளம்பவில்லை; அணைத்து வைத்த கணினி தானாக எழுந்துகொள்கிறது. மூன்றுக்கும் வேர் ஒன்றே. மின்சாரத்தையும் கட்டளையையும் ஒன்றாக நினைத்துவிடுவதுதான் அது.

மின்சாரம் வேறு, கட்டளை வேறு

ஒரு செம்பனை ஆலையை நினைத்துக்கொள்ளுங்கள். வேலை முடியும் நேரத்தில் யாரும் போய் மெயின் சுவிட்சை இறக்குவதில்லை. முதலில் சங்கு ஊதும். கையில் இருக்கும் வேலையை முடித்து, இயந்திரத்தைக் காலி செய்து, ஆட்கள் வெளியே வருவார்கள். அதன் பிறகுதான் மின்சாரம் நிற்கும். சங்கு என்பது செய்தி, மெயின் சுவிட்ச் என்பது சக்தி. இரண்டும் வேறு வேறு கம்பிகளில் ஓடுகின்றன.

மடிக்கணினியிலும் இப்படித்தான். சார்ஜரின் வழியாக வருவது சக்தி. மேலே இருக்கும் பவர் பொத்தான்தான் சங்கு. சார்ஜரைப் பிடுங்கினால் கணினி அணையாது, தன் சொந்த பேட்டரிக்கு மாறிக்கொண்டு வேலையைத் தொடரும். மீண்டும் செருகினாலும், அணைந்திருந்த கணினி பொதுவாக எழாது, சார்ஜ் மட்டும் ஏற்றிக்கொள்ளும். ரிலே போட்டு மின்சாரத்தை வெட்டியும் சேர்த்தும் விளையாடுகிறவர் ஆலையின் மெயின் சுவிட்சை ஏற்றி இறக்குகிறார், அவ்வளவுதான். சங்கை அவர் தொடவே இல்லை.

பழைய மடிக்கணினிகளில் கோளாறு இன்னும் மோசம். பேட்டரி உப்பிவிட்டது என்று அதைக் கழற்றிவிட்டு வெறும் கார் மின்சாரத்திலேயே ஓட்டுபவர்கள் உண்டு. அங்கே ரிலே வெட்டினால் கணினி நிற்கத்தான் செய்யும், ஆனால் ஆட்கள் உள்ளே இருக்கும்போதே விளக்கை அணைத்த மாதிரி. எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் நிற்கும். சுழலும் வன்தட்டாக இருந்தால் அதற்கும் அடி.

இதுவரை சொன்னதன் சாரம்: சக்திக்கு ஒரு வழி, கட்டளைக்கு ஒரு வழி. நல்ல ஏற்பாடு இரண்டையும் தனித்தனியாக, சரியான வரிசையில் கையாளும். அதைச் செய்யும் சிறு மின்னணுப் பலகையைக் கட்டுப்பாட்டுப் பெட்டி என்று அழைப்போம்.

சாவி என்ன சொல்கிறது

கட்டுப்பாட்டுப் பெட்டிக்குக் காதாக இருப்பது சாவித் துவாரத்திலிருந்து வரும் ஒரு கம்பி. சாவிக்கு நான்கு நிலைகள்: பூட்டு, ஏ.சி.சி., ஆன், ஸ்டார்ட். ஏ.சி.சி. நிலையில் வானொலி போன்றவை மட்டும் இயங்கும். ஆன் நிலையில் எஞ்சினுக்கு வேண்டிய எல்லாவற்றுக்கும் மின்சாரம் போகும். ஸ்டார்ட் என்பது கிளப்பும் அந்த ஓரிரு நொடி மட்டும். பொத்தானை அழுத்திக் கிளப்பும் புதிய கார்களிலும் உள்ளே இதே நிலைகள்தாம்.

பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி இங்கே இருக்கிறது. பெரும்பாலான கார்களில் ஸ்டார்ட் நிலைக்குப் போகும்போது ஏ.சி.சி. கம்பி செத்துவிடும். இருக்கிற மின்சாரம் முழுவதும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போகட்டும் என்று அப்படி வைத்திருக்கிறார்கள். வண்டியைக் கிளப்பும்போது வானொலி ஒரு கணம் அணைந்து எழுவதைக் கவனித்திருப்பீர்கள். ஏ.சி.சி.யைக் காதாக வைத்த பெட்டிக்கு இது 'சாவி போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார்' என்று கேட்கும். பொறுமையில்லாத பெட்டியாக இருந்தால் மூன்று நொடிக்குள் மூன்று முடிவு எடுத்துக் குழம்பும். ஆன் நிலைக் கம்பி ஸ்டார்ட்டிலும் உயிரோடு இருக்கும் என்பதால் என் ஓட்டு அதற்குத்தான். ஒரே குறை, எஞ்சினை ஓட்டாமல் பாட்டு மட்டும் கேட்கவும் சாவியை ஆன் வரை திருப்ப வேண்டியிருக்கும்.

கம்பியே இழுக்காமல் வோல்ட் அளவைப் பார்த்து முடிவெடுக்கும் பெட்டிகளும் கிடைக்கின்றன. முழுதாகச் சார்ஜ் ஆன 12 வோல்ட் கார் பேட்டரி, ஓய்வில் 12.6 வோல்ட் அளவில் நிற்கும். எஞ்சின் ஓடினால் ஆல்டர்னேட்டர், அதாவது எஞ்சினோடு சுற்றி பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் கருவி, அதை 13.8 முதல் 14.4 வரை தூக்கும். வித்தியாசத்தைக் கண்டு 'எஞ்சின் ஓடுகிறது' என்று பெட்டி ஊகிக்கிறது. பழைய வண்டிகளுக்கு நல்ல உத்தி. பெரோடுவா பெஸ்ஸா, மைவி ஆகியவற்றின் சில வகைகளில் இருக்கும் ஈக்கோ ஐடில் வசதியோடு இது ஒத்துப்போகாது. சிவப்பு விளக்கில் எஞ்சின் தானாக நிற்கும்போது, சாவி ஆன் நிலையில் இருந்தும் வோல்ட் இறங்கிவிடும். எரிபொருள் மிச்சப்படுத்த ஆல்டர்னேட்டரை அவ்வப்போது தளர்த்தும் புதிய கார்களிலும் இதே சிக்கல்.

12 வோல்ட்டை உயர்த்துவது

இதில் அதிகம் பேச ஒன்றுமில்லை. பல மடிக்கணினிகள் கேட்பது 19 அல்லது 20 வோல்ட். காரில் இருப்பது 12. இடையில் மின்னழுத்த மாற்றி ஒன்று வேண்டும். அது கிளப்பும்போது விழும் வோல்ட்டையும் தாங்க வேண்டும், ஆல்டர்னேட்டர் பக்கத்திலிருந்து எப்போதாவது வரும் பெரிய உதையையும் தாங்க வேண்டும். வண்டி கிளம்பும் நொடியில் பேட்டரி 9 வோல்ட்டுக்கும் கீழே இறங்கக்கூடும். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனை தளர்ந்து கழன்றால் கம்பிகளில் பல பத்து வோல்ட் எகிறும். வாகனத்துக்கென்றே செய்த மாற்றியில் இவற்றுக்குப் பாதுகாப்பு இருக்கும். வீட்டு 240 வோல்ட் ஆக்கும் இன்வெர்ட்டரைப் போட்டு, அதில் வீட்டுச் சார்ஜரைச் செருகி ஓட்டுவதும் நடக்கிறது. ஏற்றி இறக்கும் இரு கட்டத்திலும் மின்சாரம் வீணாகும். எனக்கு அதில் உடன்பாடில்லை.

பொத்தான் என்னும் சங்கு

இனிதான் உண்மையான வேலை. பவர் பொத்தானை அழுத்தும்போது கணினியின் மின்சாரம் நேரடியாக வெட்டப்படுவதில்லை. 'அழுத்தினார்கள்' என்ற செய்தி மட்டும் போகிறது. என்ன செய்வது என்பதை விண்டோஸ் போன்ற இயங்குதளம் முடிவு செய்யும். இந்த ஏற்பாட்டுக்கு அடிப்படை ஏ.சி.பி.ஐ. என்னும் பொது விதித்தொகுப்பு. இன்டெல், மைக்ரோசாப்ட், தோஷிபா நிறுவனங்கள் சேர்ந்து 1996 டிசம்பரில் அதை வெளியிட்டன. விண்டோசின் பவர் அமைப்புகளில் 'பொத்தானை அழுத்தினால் என்ன செய்ய வேண்டும்' என்று கேட்கும் பகுதி இருப்பது இதனால்தான்.

அதே விதித்தொகுப்பில் இன்னொரு வாசல் உண்டு. பொத்தானை நான்கு நொடிக்கு மேல் பிடித்துக்கொண்டே இருந்தால் இயங்குதளத்தைக் கேட்காமல் வன்பொருளே கணினியை வீழ்த்திவிடும். சில மாடல்களில் இன்னும் கூடுதல் நேரம் பிடிக்கும். ஆலைக் கணக்கில் சொன்னால், நிறுத்தாமல் ஊதும் சங்கு தீ விபத்துக்கானது. போட்டது போட்டபடி ஓட வேண்டும். எனவே கட்டுப்பாட்டுப் பெட்டி தர வேண்டியது அரை நொடி அளவிலான ஒரு சிறு தொடுகை. இதைத் துடிப்பு என்பார்கள்.

துடிப்பு எப்படிப் போகிறது? மடிக்கணினியைத் திறந்து, பொத்தானின் இரு முனைகளிலும் மெல்லிய கம்பிகளைப் பற்றவைத்து வெளியே கொண்டுவருவது ஒரு வழி. பெட்டியின் பக்கம் உலர்தொடர்பாக இருக்க வேண்டும். தன்னிடமிருந்து மின்சாரம் எதையும் அனுப்பாமல், இரண்டு கம்பிகளை வெறுமனே தொட வைத்துப் பிரிப்பதுதான் உலர்தொடர்பு. பொத்தானின் கம்பியில் இருப்பது மிகச் சிறிய மின்னழுத்தம். அங்கே தவறி 12 வோல்ட் போனால் தாய்ப்பலகை கருகும். அலுவலக வகை மடிக்கணினிகளுக்குச் சிரமம் குறைந்த வழி இருக்கிறது. அவற்றின் இணைப்புத் தளங்களில், அதாவது கணினியை மேசையில் செருகி வைக்கும் டாக்குகளில், பல மாடல்களுக்குத் தனிப் பவர் பொத்தான் உண்டு. கம்பியை அங்கே இழுத்தால் கணினியைத் திறக்கவே வேண்டாம், மூடி மூடியபடியே எழும்.

ஒரே சங்கு, இரண்டு பொருள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

எழுப்பவும் அணைக்கவும் பொத்தான் ஒன்றுதான், துடிப்பும் ஒன்றுதான். நம் ஆலையில் வேலை தொடங்கவும் முடியவும் ஒரே மாதிரிச் சங்கு என்று வைத்துக்கொள்வோம். கேட்டதும் உள்ளே இருப்பவர்கள் வெளியே வருவார்கள், வெளியே இருப்பவர்கள் உள்ளே போவார்கள். இன்று சீக்கிரமே வேலை முடிந்து எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். வழக்கமான நேரத்துக்கு ஜாகா, அதாவது காவலாளி, சங்கை ஊதுகிறார். என்ன நடக்கும்? போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்து வேலையைத் தொடங்குவார்கள்.

திருவிழா முடிந்து ஒலிக்காரர் மடிக்கணினியைக் கையாலேயே அணைக்கிறார். பிறகு வீட்டுக்கு ஓட்டிவந்து சாவியை எடுக்கிறார். பெட்டி தன் கடமையாக அணைக்கும் துடிப்பை அனுப்புகிறது. அணைந்திருந்த கணினி எழுகிறது, இரவு முழுக்க மூடிய மூடிக்குள் வேகிறது. மூன்றாவது புகாரின் முழுக்கதை இதுதான். இதற்குப் பேயும் காரணமில்லை, வைரஸும் காரணமில்லை.

தீர்வு, ஊதும் முன் ஜாகா உள்ளே எட்டிப் பார்ப்பது. கணினி விழித்திருக்கிறதா என்று பெட்டிக்குச் சொல்ல ஓர் உணர்கம்பி வேண்டும். யூ.எஸ்.பி. துளையில் வரும் 5 வோல்ட்டை இதற்குப் பயன்படுத்துவது எளிது: இருந்தால் விழிப்பு, இல்லாவிட்டால் உறக்கம். ஆனால் கணினி அணைந்திருக்கும்போதும் கைப்பேசிக்குச் சார்ஜ் தரும் துளை பல மாடல்களில் ஒன்று இருக்கும். பக்கத்தில் மின்னல் குறி போட்டிருப்பார்கள். அந்தத் துளையை நம்பினால் பெட்டி எப்போதும் 'விழித்திருக்கிறது' என்றே எண்ணும். பவர் விளக்கின் முனையிலிருந்து கம்பி எடுப்போரும் உண்டு. உறக்கத்தில் அந்த விளக்கு மினுக்குமானால் அதுவும் குழப்பும்.

காத்திருப்பதே பாதி வேலை

நல்ல பெட்டிக்கும் மட்டமான பெட்டிக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் கடிகாரத்தில்தான் இருக்கிறது. சாவி போட்டதும் பெட்டி மாற்றியை இயக்கும். எஞ்சின் கிளம்பி வோல்ட் நிலைபெறச் சில நொடி பொறுக்கும். உணர்கம்பியைப் பார்க்கும். கணினி உறங்கினால் மட்டும் ஒரு துடிப்பு.

சாவி எடுத்தபின் வரிசை இன்னும் நீளம். எண்ணெய் நிலையத்தில் நிறுத்தும்போதும், கடையில் பசியாற இறங்கும்போதும் கணினி அணைந்து எழுந்துகொண்டிருந்தால் வெறுத்துப்போகும். ஆகவே முதல் காத்திருப்பு சில நிமிடங்கள். அது கடந்தால் துடிப்பு. அதன்பின் இரண்டாவது காத்திருப்பு: இயங்குதளம் கோப்புகளை மூடி, சில நாட்களில் புதுப்பிப்புகளையும் நிறுவிவிட்டு அணைய வேண்டும். கடைசியாகத்தான் மாற்றியின் மின்சாரம் வெட்டப்படும். இந்த இரண்டாவது காத்திருப்பைச் சிக்கனமாக வைப்பது வீண் வேலை. ஐந்து நிமிடம் தாராளமாகக் கொடுங்கள்.

அணைந்துகொண்டிருக்கும் பாதியில் சாவி திரும்பினால்? பிள்ளையைத் தமிழ்ப்பள்ளி வாசலில் விட்டுப் பேசிக்கொண்டிருந்துவிட்டு மறுபடி வண்டியைக் கிளப்புகிறீர்கள். கணினி அந்த நேரம் கோப்புகளை மூடிக்கொண்டிருக்கிறது. உணர்கம்பியில் இன்னும் 5 வோல்ட் இருப்பதால் மட்டமான பெட்டி 'விழித்துத்தானே இருக்கிறது' என்று சும்மா இருந்துவிடும். ஒரு நிமிடத்தில் கணினி அணையும், பயணம் முழுக்க எழாது. தொடங்கிய அணைப்பு முழுதாக முடியும்வரை நின்று, பிறகு புதிதாக எழுப்புவதே முறை. வாங்கும் முன் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது. பதில் சொல்லத் தெரிந்தவரிடம் வாங்குங்கள்.

மறுபடி சுருக்கமாக: எழும்போது மின்சாரம் முதலில், துடிப்பு பிறகு. அணையும்போது துடிப்பு முதலில், மின்சாரம் கடைசியில். இரண்டுக்கும் முன்னால் ஒரு பார்வை, நடுவில் ஒரு பொறுமை.

காலையில் வண்டி கிளம்பாத கணக்கு

சிறிய கார்களில் வரும் என்.எஸ்.40 வகை பேட்டரியின் கொள்ளளவு சுமார் 35 ஆம்பியர்-மணி. ஒரு ஆம்பியர் வீதம் 35 மணி நேரம் இழுக்கலாம் என்பது ஏட்டுக்கணக்கு. விழித்திருக்கும் மடிக்கணினி 30 வாட் எடுப்பதாக வைத்தால், மாற்றியில் வீணாவதையும் சேர்த்து 12 வோல்ட்டில் கிட்டத்தட்ட 3 ஆம்பியர் போகும். இரவு 10 மணிக்கு நிறுத்திய வண்டியில் காலை 6 மணிக்குள் 24 ஆம்பியர்-மணி காலி. மிச்சத்தில் ஸ்டார்ட்டர் சுற்றுமா என்பது பேட்டரியின் வயதைப் பொறுத்தது.

இதற்குத்தான் தாழ்வோல்ட் வெட்டு என்ற காவல். பேட்டரி குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால், எந்தக் காத்திருப்பும் பார்க்காமல் பெட்டி துடிப்பை அனுப்பி, பிறகு மின்சாரத்தை நிறுத்தும். 12.2 வோல்ட் என்பது ஏறக்குறையப் பாதி பேட்டரி. 11.8 கிட்டத்தட்டக் காலி. வெட்டை 12.0 அருகில் வைப்பது நியாயம். கிளப்பும் நொடியில் விழும் வோல்ட்டைப் பார்த்து வெட்டு பதறக்கூடாது. ஒரு நிமிடமாவது தொடர்ந்து தாழ்ந்திருந்தால்தான் அது இயங்க வேண்டும்.

அணைப்பதா, உறங்க வைப்பதா

பொத்தானுக்கு மூன்று பொருள் கொடுக்கலாம். முழு அணைப்பு தெரிந்ததே. உறக்கம் என்றால் திறந்திருந்தவை தற்காலிக நினைவகத்திலேயே இருக்கும். நொடிகளில் எழும், ஆனால் துளித்துளியாக மின்சாரம் குடிக்கும். உறைநிலை என்றால் எல்லாவற்றையும் வட்டில் எழுதிவிட்டு முழுதாக அணையும். எழும்போது விட்ட இடத்திலிருந்து தொடங்கும். உறக்கத்தில் மொத்தம் 0.1 ஆம்பியர் மட்டுமே காரிலிருந்து இழுத்தாலும், பத்து நாள் வண்டியை விட்டுவிட்டுத் தமிழ்நாட்டுக்குப் போய் வந்தால் 24 ஆம்பியர்-மணி போயிருக்கும். காருக்கு உறைநிலைதான் என் தேர்வு. எழ இன்னும் சில நொடி ஆகும், ஆகட்டும்.

பெட்டி இல்லாமல் ஓரளவு

எல்லாருக்கும் பெட்டி தேவையில்லை. மின்சாரம் வந்ததும் தானாக எழும் அமைப்பு சில மடிக்கணினிகளின் பயாஸ் பட்டியலிலேயே இருக்கிறது. பயாஸ் என்பது இயங்குதளத்துக்கு முன்பே விழிக்கும் அடிப்படை மென்பொருள். டெல், திங்க்பேட் வகைகளில் பல மாடல்களில் இதைக் காணலாம். அணைக்கும் பக்கத்துக்கு, பேட்டரியில் ஓடும்போது சில நிமிடம் சும்மா இருந்தால் உறைநிலைக்குப் போகும்படி விண்டோசில் அமைக்கலாம். இங்கே மட்டும் வயர்மேனின் ஒற்றை ரிலே வெற்றி பெறும், ஏனென்றால் மின்சாரம் வருவதையும் போவதையும் செய்தியாகப் படிக்கக் கணினிக்கே சொல்லிக்கொடுத்துவிட்டோம். பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் கணினி சும்மா இருப்பதாகவே நினைக்காது என்பதை ஒலிக்காரர்கள் கவனிக்க.

வெயிலும் சோதனையும்

மூடிய காருக்குள் நம் ஊர் மதிய வெயிலில் கை வைக்க முடியாத சூடு ஏறும். லித்தியம் பேட்டரிக்கு 45 டிகிரி செல்சியசுக்கு மேல் சார்ஜ் ஏற்றுவது நல்லதல்ல. கணினியை முகப்புப் பலகையின் மேல் வைக்காமல் இருக்கைக்கு அடியிலோ பின்னாலோ காற்றுப் படும்படி வையுங்கள். சார்ஜை 80 விழுக்காட்டோடு நிறுத்தும் அமைப்பு உங்கள் மாடலில் இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள்.

எல்லாம் பூட்டிய பிறகு வண்டியை ஓட்டிப் பார்ப்பது மட்டும் சோதனை ஆகாது. கணினி விழித்திருக்கும்போது எஞ்சினை நிறுத்தி உடனே கிளப்புங்கள், திரை அசையக்கூடாது. அணைந்துகொண்டிருக்கும் பாதியில் சாவியைப் போடுங்கள். முழுதாக அணைந்து மீண்டும் எழ வேண்டும். கடைசியாக, கணினியைக் கையால் அணைத்துவிட்டுச் சாவியை எடுத்து, காத்திருப்பு நேரம் கடக்கும்வரை பக்கத்திலேயே இருங்கள். அது எழுந்துகொண்டால் மற்ற அமைப்புகள் எதையும் தொடாமல், முதலில் உணர்கம்பி எந்தத் துளையில் செருகியிருக்கிறது என்று பாருங்கள்.